தூக்குமேடையின் வரலாறு – 9: இலங்கை கைவிட்ட கயிறு, மீண்டும் எடுத்த கயிறு

சென்ற இதழில் லண்டனில் நின்றோம். கொலைக்குத் தூக்கு வேண்டாம் என்று 1956-இல் காமன்ஸ் சபை ஏற்ற மசோதாவைப் பிரபுக்கள் சபை தோற்கடித்ததோடு அந்த அத்தியாயம் முடிந்தது. அதே ஆண்டில், பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்று எட்டே ஆண்டுகள் ஆகியிருந்த இலங்கை, பிரிட்டனால் முடியாததைச் செய்யத் துணிந்தது. 1959 முடிவதற்குள் அந்தத் துணிவு போய்விட்டது. போன விதம்தான் இந்த இதழின் கதை. இந்தத் தொடரில் இதுவரை பார்த்த எந்த நாட்டிலும் இந்த விவாதம் இவ்வளவு ஒழுங்காகத் தொடங்கி இவ்வளவு அவசரமாக முறிந்ததில்லை.

முதலில் சட்டம் எப்படி இருந்தது என்று பார்த்துவிடுவோம். 1883-ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையில் 296-ஆம் பிரிவு கொலைக்கான தண்டனையைச் சொல்கிறது. அது ஒரே தண்டனைதான்: மரணம். ஆயுள் சிறையா தூக்கா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நீதிபதிக்கு இல்லை. வெறியில் வெட்டியவனும் ஆறு மாதம் திட்டமிட்டு நஞ்சு வைத்தவனும் ஒரே வார்த்தையில் ஒரே தீர்ப்பைக் கேட்டார்கள். வேறுபாடு பார்க்கும் வேலை, தீர்ப்புக்குப் பின் கருணை மனுவைக் கையில் வைத்திருக்கும் ஆளுநருடையது. நீதிமன்றத்தில் நடக்க வேண்டிய யோசனை, கதவு மூடிய அறையில் கோப்பின் மேல் நடந்தது.

இந்த ஏற்பாட்டை உள்ளிருந்தே பார்த்தவர் லியோனார்ட் வுல்ஃப். 1904 முதல் 1911 வரை யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் ஆங்கில அரசின் அதிகாரியாக இருந்தவர். கண்டியில் இருந்தபோது போகம்பரைச் சிறையில் நடந்த தூக்குகளுக்கு அரசின் சார்பில் அருகே நிற்க வேண்டிய கடமை அவருக்கு வந்தது. கண்டதை ஆயுள் முழுக்க அவரால் மறக்க முடியவில்லை. அரை நூற்றாண்டு கழித்து எழுதிய தன்வரலாற்றிலும் அந்தக் காலை நேரங்களைப் பற்றி அருவருப்போடு எழுதினார். 1913-இல் அவர் வெளியிட்ட நாவலில் சிலிந்து என்ற வேட்டைக்காரன், தன் குடும்பத்தை நெருக்கி நசுக்கிய இருவரைச் சுட்டுக் கொல்கிறான். தூக்குத் தண்டனை விதிக்கப்படுகிறது, பிறகு இருபதாண்டுச் சிறையாகக் குறைக்கப்படுகிறது. தனக்கு என்ன நடக்கிறது என்பதே அவனுக்கு விளங்குவதில்லை. இலங்கைக் கொலை வழக்குகளில் மிகப் பல இந்தச் சிலிந்துவின் வகையைச் சேர்ந்தவை. காணி எல்லை, தண்ணீர்ப் பங்கு, பெண் விவகாரம், கள்ளுக்கடை வாய்த்தகராறு, கைக்கெட்டிய கத்தி. கொலை செய்த அன்று காலை வரை கொலைகாரனாக இல்லாதவர்கள்.

தூக்கை எதிர்க்கும் குரல் இலங்கைக்கு வெளியிலிருந்து வந்ததல்ல. மகாவம்சம் வோகாரிக திஸ்ஸன் என்ற அரசனைப் புகழ்வது, உடலை ஊனப்படுத்தும் தண்டனைகளை அவன் ஒதுக்கினான் என்பதற்காக. சிறிசங்கபோதி மன்னன் குற்றவாளிகளை இரகசியமாக விடுவித்துவிட்டு, ஏற்கெனவே இறந்தவர்களின் உடல்களைத் தண்டனை நிறைவேறியதாகக் காட்டி எரித்தான் என்றும் அது சொல்கிறது. மறுபக்கம், கண்டியின் கடைசி மன்னன் விக்ரம ராஜசிங்கன் காலத்தில் எஹலேபொல என்ற பிரதானியின் குடும்பம் கொடூரமாகக் கொல்லப்பட்டதைச் சிங்கள நாட்டார் மரபு இன்னும் மறக்கவில்லை. 1815 கண்டி ஒப்பந்தத்தில் ஆங்கிலேயர் சித்திரவதையையும் அங்கச் சேதத்தையும் தடை செய்தார்கள். ஆளுநரின் எழுத்து மூல ஆணையின்றி எவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது என்றும் எழுதினார்கள். தூக்கை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1928-இல் சட்டசபையில் மரண தண்டனையை ஒழிக்கக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர், பின்னாளில் முதல் பிரதமரான டி.எஸ். சேனநாயக்க. அவர் பிரதமரானபோது அதைச் செய்யவில்லை.

செய்தவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. 1956 ஏப்ரல் தேர்தலில் மக்கள் ஐக்கிய முன்னணி பெருவெற்றி பெற்றது. புத்தர் பரிநிர்வாணம் அடைந்து 2500 ஆண்டுகள் ஆனதை நாடே கொண்டாடிய நேரம் அது. அந்த ஆண்டிலிருந்தே தூக்குகள் நிறுத்தப்பட்டன. 1958-இல் இருபதாம் இலக்கச் சட்டம் அதை எழுத்தில் உறுதி செய்தது: கொலைக்கு மூன்று ஆண்டு காலத்துக்கு மரண தண்டனை இல்லை, அதற்குப் பதில் ஆயுள் சிறை. ஒரேயடியாக ஒழிக்காமல், சில ஆண்டுகள் நிறுத்திவைத்து, கொலைகள் கூடுகின்றனவா குறைகின்றனவா என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பது என்பது திட்டம். இதை அரைகுறை நடவடிக்கை என்று குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது மிகவும் நேர்மையான வழியாகப் படுகிறது. பிரிட்டன் 1965-இல் தூக்கை நிறுத்தியபோது ஐந்தாண்டுச் சோதனையாகத்தான் நிறுத்தியது. கொழும்பு அதே பாதையில் ஏழு ஆண்டுகள் முந்திப் போயிருந்தது.

எதிர்த்தவர்களின் வாதத்தைச் சுருக்கித் தள்ளிவிட முடியாது. இலங்கையில் மக்கள் தொகையோடு ஒப்பிட்டால் கொலைகள் அதிகம். ஆயுள் சிறை என்று எழுதப்படுவது நடைமுறையில் சில ஆண்டுகளில் முடிந்து, கொலையாளி அதே ஊருக்குத் திரும்பி, செத்தவனின் பிள்ளைகள் கண்முன்னே நடமாடுவான். அரசு பழி தீர்க்காவிட்டால் குடும்பம் தீர்க்கும். ஒரு கொலை மூன்றாகும். கிராமத்தை அறிந்தவர்கள் சொன்ன வாதம் இது. கடைசியாகச் சொன்னதுதான் இவற்றில் கனமானது. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், தூக்கு இருந்த எழுபது ஆண்டுகளில் பழிக்குப் பழி நின்றிருந்ததா என்று கேட்க வேண்டும். நிற்கவில்லை. கோபத்தில் கத்தியை ஓங்குகிறவன் அந்தக் கணத்தில் 296-ஆம் பிரிவை நினைப்பதில்லை. நினைக்கும் அளவுக்கு நிதானமுள்ளவனோ, தான் பிடிபடமாட்டேன் என்று நம்பித்தான் இறங்குகிறான். மேலும், ஊர்ப்பகையில் பொய்ச் சாட்சி கட்டுவது இலங்கை நீதிமன்றங்கள் அன்றாடம் கண்ட விஷயம். பகையாளியை வழக்கில் சேர்த்துவிடும் வழக்கம் உள்ள நாட்டில், திருத்த முடியாத தண்டனை வைத்திருப்பது பேராபத்து.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு முள் குத்தும். குத்த வேண்டும். தூக்கை நிறுத்திய இதே பண்டாரநாயக்கதான் 1956 ஜூனில் தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்தவர். 1957-இல் தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு செய்த ஒப்பந்தத்தை 1958 ஏப்ரலில், தம் ரோஸ்மீட் பிளேஸ் இல்லத்தின் முன் பிக்குகள் கூடி உட்கார்ந்து நெருக்கியபோது கைவிட்டவர். அடுத்த மாதமே கலவரம் வெடித்தது. தமிழர்கள் தெருவில் வெட்டப்பட்டும் எரிக்கப்பட்டும் செத்தார்கள். நெருக்கடி நிலை அறிவிக்க அவர் தாமதித்தார். கொலைகாரனின் உயிரையும் அரசு எடுக்கலாகாது என்று சட்டம் எழுதிய அதே ஆண்டில், குற்றமற்றவர்களின் உயிரைக் காக்க அந்த அரசு முந்தவில்லை. இந்த இரண்டையும் ஒரே மனிதரின் கணக்கில்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழிக்க நான் விரும்பவில்லை. தூக்கை நிறுத்தியது சரியான காரியம். கலவரத்தின்போது அவர் நடந்துகொண்ட விதம் அதைப் பிழையாக்காது. அதுபோலவே அந்த நல்ல காரியம் கலவரத்தின் பொறுப்பிலிருந்து அவரை விடுவிக்கவும் செய்யாது.

1958-இலேயே ஓர் ஆணைக்குழுவும் அமைக்கப்பட்டது. தலைவர் நார்வல் மோரிஸ், ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர். பின்னாளில் சிகாகோவில் குற்றவியல் அறிஞராகப் புகழ்பெற்றவர். அவரோடு சர் எட்வின் விஜயரத்ன, சட்டப் பேராசிரியர் த. நடராஜா முதலியோர். வேறு நாடுகளில் தூக்கு இருந்தபோதும் எடுக்கப்பட்டபோதும் கொலைகளின் எண்ணிக்கை எப்படி நடந்துகொண்டது என்பதையும், இலங்கையின் சொந்தக் கணக்கையும் குழு ஆராய்ந்தது. இத்தகைய ஒப்பீட்டுக்கு நமக்குப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு: திருவிதாங்கூர். 1944-இல் அந்தச் சமஸ்தானம் மரண தண்டனையை நீக்கியது. அன்று நாகர்கோவிலும் தக்கலையும் குழித்துறையும் அந்தச் சட்டத்தின் கீழ்தான் இருந்தன. இந்திய ஒன்றியத்தோடு இணைந்தபின் தூக்கு திரும்ப வந்தது. தூக்கு இல்லாத ஐந்து ஆண்டுகளில் 962 கொலைகள், திரும்பிய பின் ஐந்து ஆண்டுகளில் 967 என்ற கணக்கு, பிற்காலத்தில் இந்தியாவில் நடந்த விவாதங்களில் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்பட்டது. கயிறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எண்ணிக்கை அசையவில்லை.

மோரிஸ் குழு வந்த முடிவும் அந்தத் திசையில்தான். தூக்கு கொலைகளைத் தடுக்கிறது என்பதற்குச் சான்று இல்லை. நிறுத்திவைத்தல் தொடரட்டும் என்று குழு பரிந்துரைத்தது. அறிக்கை 1959 செப்டம்பரில் வெளியானது.

அந்தச் செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை. பண்டாரநாயக்க ஐ.நா. பொதுச்சபைக்குப் புறப்படும் ஏற்பாட்டில் இருந்தார். காலையில் அமெரிக்கத் தூதர் வந்து பார்த்துவிட்டுப் போனார். வழக்கம்போல ரோஸ்மீட் பிளேஸ் வீட்டு விறாந்தையில் மனுக்களோடு மக்கள் காத்திருந்தார்கள். அவர்களிடையே தல்துவே சோமாராம என்ற பிக்கு. ஆயுர்வேதக் கல்லூரியில் கண் வைத்தியம் கற்பித்தவர். துறவியைக் கண்ட பிரதமர் வழக்கப்படி குனிந்து வணங்கினார். சோமாராம காவி உடைக்குள்ளிருந்து ரிவால்வரை எடுத்துச் சுட்டார். காயத்தோடு உள்ளே ஓடிய பிரதமரைத் தொடர்ந்தும் சுட்டார். காவலர் சுட்டதில் சோமாராமவும் விழுந்தார்.

கொழும்பு பொது மருத்துவமனையில் நீண்ட அறுவைச் சிகிச்சை நடந்தது. அங்கிருந்து பிரதமரின் பெயரில் நாட்டு மக்களுக்கு ஒரு செய்தி வெளியானது. துறவி உடை தரித்த ஓர் அறிவற்ற மனிதன் தன்னைச் சுட்டதாகவும், அந்த மனிதன் மேல் கருணை காட்ட வேண்டும், யாரும் அவனைப் பழிவாங்க முயலக் கூடாது என்றும், மக்கள் அமைதி காக்க வேண்டும் என்றும் அதில் கேட்டிருந்தார். வயிற்றில் குண்டு பாய்ந்த மனிதர் கேட்டது இது. மறுநாள் காலை அவர் இறந்தார். வயது அறுபது.

அரசியலில் அவர் செய்த பல காரியங்களில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம், மரண தண்டனை விவாதத்தில் இதைவிடப் பெரிய வாதம் எதுவும் வைக்கப்பட்டதில்லை என்றே தோன்றுகிறது. உங்கள் வீட்டில் ஒருவரைக் கொன்றிருந்தால் இப்படிப் பேசுவீர்களா என்று தூக்கை எதிர்ப்பவர்களிடம் எல்லாக் காலத்திலும் கேட்கிறார்கள். இங்கே கொல்லப்பட்டவரே அதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பதிலை நாடு கேட்கவில்லை. கல்வி அமைச்சராக இருந்த டபிள்யூ. தகநாயக்க பிரதமரானார். தூக்கை நிறுத்திய அமைச்சரவையின் உறுப்பினர்தான் அவரும். தெருவில் கோபம் கொதித்தது. காவி உடுத்தவர்களை மக்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். பண்டாரநாயக்கவைக் கொன்றவனுக்கு உயிர்ப்பிச்சையா என்ற கேள்விக்கு முன்னால் மோரிஸ் குழுவின் அட்டவணைகளைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் மனமில்லை. தூக்கைத் திரும்பக் கொண்டுவருவது என்று சில நாட்களிலேயே அரசு முடிவெடுத்தது. 1959-ஆம் ஆண்டின் 25-ஆம் இலக்கச் சட்டம், முந்தைய நிறுத்திவைப்புச் சட்டத்தை நீக்கியது. டிசம்பர் 2 முதல் கொலைக்குத் தூக்கு மீண்டும் வந்தது. அடுத்த சில நாட்களில் நாடாளுமன்றமே கலைக்கப்பட்டது.

இதோடு நின்றிருந்தால், துக்கத்தில் எடுத்த முடிவு என்று சொல்லிக் கடந்திருக்கலாம். ஆனால் டிசம்பர் 2-க்குப் பிறகு நடக்கும் கொலைக்கு மட்டும் தூக்கு என்றால் சோமாராம தப்பிவிடுவார். செப்டம்பர் 25 அன்று இலங்கையில் கொலைக்கு உச்ச தண்டனை ஆயுள் சிறைதான். எனவே, அந்தத் தேதிக்கு முன் செய்யப்பட்ட கொலைக்கும் மரண தண்டனை பொருந்தும் என்று சட்டத்தில் எழுதினார்கள். சட்டம் காலத்தில் பின்னோக்கிக் கை நீட்டியது.

இதை நியாயப்படுத்தியவர்கள் சொன்னதிலும் கொஞ்சம் பொருள் உண்டு. கொலை அன்றும் குற்றம், இன்றும் குற்றம். புதிய குற்றம் எதையும் உருவாக்கவில்லை, தண்டனையை மட்டும் பழைய இடத்துக்குக் கொண்டுபோனோம் என்றார்கள். குற்றத்துக்கும் தண்டனைக்கும் இடையே அப்படிக் கோடு கிழித்துத் தப்ப முடியாது. அரசு ஒரு குடிமகனின் உடலை என்ன செய்யலாம் என்பதற்கு எல்லை போடுவதே தண்டனைச் சட்டத்தின் வேலை. செயல் முடிந்த பிறகு, செய்தவன் யாரென்று தெரிந்த பிறகு, அந்த எல்லையை நகர்த்தினால், பிறகு எந்த எல்லையும் எவரையும் காக்காது. அவன் மேல் நமக்கு எவ்வளவு கோபம் இருக்கிறதோ அவ்வளவு தூரம் எல்லை நகரும்.

தூக்கு எடுக்கப்பட்டதால்தான் பிரதமர் கொல்லப்பட்டார் என்ற பேச்சு அன்று பரவியது. இன்றும் சிலர் சொல்வதுண்டு. வழக்கில் வெளிவந்த காரணங்கள் வேறு. சதியின் மூளை என்று நீதிமன்றம் கண்டது மாப்பிட்டிகம புத்தரக்கித்த தேரரை. களனி விகாரையின் தலைமைப் பிக்கு. 1956 தேர்தலில் பண்டாரநாயக்கவின் வெற்றிக்கு ஊர் ஊராக உழைத்தவர். கப்பல் கம்பெனி, சர்க்கரை ஆலை என்று அவர் எதிர்பார்த்த வணிக ஒப்பந்தங்கள் கைகூடாத கசப்பும், கட்சிக்குள் செல்வாக்குச் சரிந்த கோபமும் அவரை அங்கே கொண்டுபோயின. தூக்குச் சட்டம் இருந்திருந்தால் அவர் பின்வாங்கியிருப்பார் என்பதற்கு எந்தச் சாட்சியமும் இல்லை. காந்தியைக் கொன்ற கோட்சே, தூக்கு நடைமுறையில் இருந்த நாட்டில், நூற்றுக்கணக்கானோர் முன்னிலையில்தான் சுட்டான்.

1961 பிப்ரவரியில் நீதிபதி டி.எஸ். பெர்னாண்டோ முன், ஏழு பேர் கொண்ட ஜூரியோடு விசாரணை தொடங்கியது. புத்தரக்கித்தவுக்காக வாதாட இங்கிலாந்திலிருந்து வழக்கறிஞர் வந்தார். சோமாராமவுக்காக வாதாடியவர் லூசியன் வீரமந்திரி. பிறகு வழக்கைப் பற்றி நூலும் எழுதினார். நீதவான் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த சோமாராம, விசாரணையில் அதை மறுத்தார். மே மாதம் தீர்ப்பு வந்தது. புத்தரக்கித்த, அவருடைய வணிகக் கூட்டாளி எச்.பி. ஜயவர்தன, சோமாராம ஆகிய மூவரும் குற்றவாளிகள். மூவருக்கும் தூக்கு. இன்னும் இருவர் விடுதலை செய்யப்பட்டார்கள்.

மேன்முறையீட்டில்தான் அவசரச் சட்டத்தின் தையல் பிரிந்தது. பிரதம நீதியரசர் பஸ்நாயக்க தலைமையில் ஐந்து நீதிபதிகள் கேட்டார்கள். 1959 சட்டம் பின்னோக்கிச் செல்வது கொலைக்குத்தான். கொலைச் சதிக்கு அப்படி எதுவும் அதில் எழுதப்படவில்லை. ஆகவே சதிக் குற்றத்துக்கு, அது நடந்த நாளில் இருந்த தண்டனையையே விதிக்க முடியும் என்று 1962 ஜனவரியில் தீர்ப்பளித்தார்கள். புத்தரக்கித்தவுக்கும் ஜயவர்தனவுக்கும் ஆயுள் சிறை. சோமாராமவுக்குத் தூக்கு உறுதியானது.

நீதிமன்றம் சட்டப்படி சரியாகவே நடந்தது. எழுதப்படாத மரணத்தை நீதிபதி எழுதிச் சேர்க்கலாகாது. ஆனால் விளைவைப் பாருங்கள். திட்டம் போட்டவர், துப்பாக்கிக்கு வழி செய்தவர், பின்னால் நின்று ஆட்டுவித்தவர் வாழ்வார். ஏவிவிடப்பட்டவர் சாவார். பெரிய குற்றத்துக்குப் பெரிய தண்டனை என்பதுதான் தூக்கை ஆதரிப்போரின் அடிப்படை நியாயம். நாட்டின் மிகப் பெரிய கொலை வழக்கில், அதற்கென்றே திரும்பக் கொண்டுவரப்பட்ட தூக்கு, அந்த நியாயத்தைத் தலைகீழாக்கியது. இது இலங்கைக்கு மட்டும் உரிய விபத்தும் அல்ல. நல்ல வழக்கறிஞர், நுட்பமான சட்டப் புள்ளி, ஏவியவனுக்கும் கைக்கும் இடையிலான தூரம் இவையெல்லாம் சேர்ந்துதான் யார் மேடை ஏறுவது என்பதைத் தீர்மானிக்கின்றன. இனிவரும் இதழ்களில் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் இதையே மறுபடி பார்க்கப்போகிறோம்.

லண்டன் பிரிவி கவுன்சில் மேன்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. சோமாராம சிறையில் காவியைக் களைந்து, கடைசி நாட்களில் கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்றார். 1962 ஜூலை 6 வெள்ளிக்கிழமை காலை வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அப்போது இலங்கையின் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க. கணவர் நிறுத்திய தூக்கு, கணவரைக் கொன்றவருக்கு, மனைவியின் ஆட்சியில் நிறைவேறியது. அந்த விதவையின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று ஊகிக்க எனக்கு உரிமையில்லை. அரசைப் பற்றி மட்டும் சொல்லலாம். கருணை காட்டச் சொன்ன இறந்த பிரதமரின் எழுத்து மூல வேண்டுகோளை வைத்திருந்த அரசு அது. தண்டனையைக் குறைக்க அதற்கு முழு அதிகாரமும் இருந்தது.

காலத்தில் பின்னோக்கிக் கை நீட்டும் பழக்கம் அதோடு நிற்கவில்லை. 1962 ஜனவரியில் இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலர் ஆட்சிக் கவிழ்ப்புக்கு முயன்று பிடிபட்டார்கள். அந்த ஒரு வழக்குக்காகவே சாட்சிய விதிகளையும் தண்டனையையும் முன்தேதியிட்டு மாற்றி, அதே ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இம்முறை பிரிவி கவுன்சில் விடவில்லை. குறிப்பிட்ட சிலரைத் தண்டிக்கவென்றே செய்த சட்டம், நீதிமன்றத்தின் அதிகாரத்தை நாடாளுமன்றம் பறித்துக்கொண்டதற்குச் சமம் என்று 1965 டிசம்பரில் லியனகே வழக்கில் தீர்ப்பளித்து அனைவரையும் விடுவித்தது. அந்தத் தீர்ப்பைக் காமன்வெல்த் நாடுகளின் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். 1959 சட்டத்தில் யாருடைய பெயரும் இல்லை; ஆனாலும் அது யாரை நோக்கிச் செய்யப்பட்டது என்பது ஊரறிந்தது. 1978 அரசியலமைப்பின் 13-ஆம் உறுப்புரை, குற்றம் செய்த நாளில் இருந்த தண்டனையைவிடக் கடுமையான தண்டனை எவருக்கும் விதிக்கலாகாது என்கிறது. அப்படி ஒரு விதி 1959-இல் இருந்திருந்தால் சோமாராமவைத் தூக்கிலிட்டிருக்க முடியாது.

அதன்பின் நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 1975-இல் மரு சிரா என்று அறியப்பட்ட கைதியை, மயக்க மருந்தின் பிடியில் நினைவிழந்த நிலையில் தூக்கிச் சென்று போகம்பரையில் தூக்கிலிட்டார்கள். கழுத்து முறியாமல் மூச்சுத் திணறிச் செத்தான். நாடு அதிர்ந்தது. 1976 ஜூன் 23-க்குப் பின் இலங்கையில் யாரும் தூக்கிலிடப்படவில்லை. நீதிமன்றங்கள் தண்டனையை விதித்துக்கொண்டே இருக்கின்றன, அது நிறைவேறுவதில்லை. 2004 நவம்பரில் மேல் நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேபிட்டிய சுட்டுக் கொல்லப்பட்டபோது, இனித் தூக்கு நிறைவேற்றப்படும் என்று அறிவித்தவர் ஜனாதிபதி சந்திரிகா, பண்டாரநாயக்கவின் மகள். நிறைவேற்றவில்லை. 2019-இல் மைத்திரிபால சிறிசேன போதைக் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிட முனைந்தார். தூக்கிலிடும் அலுகோசு வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரம்கூட வந்தது. உச்ச நீதிமன்றம் தடுத்தது.

விதிப்பதும் நிறைவேற்றாததுமான இந்த நிலை மனிதாபிமானம் போலத் தோன்றும். அதன் விலையைத் தமிழர்கள் அறிவார்கள். 2000 டிசம்பரில் மிருசுவிலில் சிறுவர் உட்பட எட்டுத் தமிழர் கொன்று புதைக்கப்பட்ட வழக்கில், ஓர் இராணுவச் சிப்பாய்க்கு 2015-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய மன்னிப்பளிக்க, அவர் வீட்டுக்குப் போனார். அந்தக் குடும்பங்கள் தூக்கைக் கேட்கவில்லை, தண்டனையைக் கேட்டன. நிறைவேற்றப்படாத உச்ச தண்டனை, ஒரு மனிதரின் பேனாவில் ஒரே நாளில் ஒன்றுமில்லாமல் போகும். இத்தனை ஆண்டுகள் கட்டாயம் சிறை என்று தெளிவாக எழுதிய தண்டனை இருந்திருந்தால், அந்தக் குடும்பங்களுக்கு அதைவிட உறுதியான நீதி கிடைத்திருக்கும்.

தூக்கிலிட்டிருந்தால் சரியாகியிருக்குமா என்று கேட்பவர்களுக்குச் செம்மணியைச் சொல்வேன். 1996-இல் யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளி மாணவியும், அவரைத் தேடிப் போன தாயும் தம்பியும் அயலவரும் சோதனைச் சாவடியில் கொல்லப்பட்டார்கள். 1998 ஜூலையில் அந்த வழக்கில் இராணுவத்தினருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தீர்ப்புக்கு முன் பேச வாய்ப்புக் கிடைத்தபோது அவர்களில் ஒருவர், செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999-இல் அவரைச் செம்மணிக்கு அழைத்து வந்து இடங்களைக் காட்டச் சொல்லித் தோண்டினார்கள். பதினைந்து உடல்கள் கிடைத்தன. 2025-இல் செம்மணியின் சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டியபோது இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. பிள்ளைகளைத் தேடும் தாய்மாருக்கு, அந்தக் குற்றவாளியின் மரணத்தைவிட அவருக்குத் தெரிந்த இடங்களும் பெயர்களும் ஆயிரம் மடங்கு பெறுமதியானவை. 296-ஆம் பிரிவை எழுதியபடியே நிறைவேற்றியிருந்தால், 1999-இல் மண்வெட்டியோடு நின்றவர்களுக்கு இடம் காட்ட ஆள் இருந்திருக்க மாட்டார்.

அடுத்த இதழில் டெல்லி: 1980-இன் பச்சன் சிங் வழக்கும், அதில் நீதிபதி பகவதி எழுதிய தனித் தீர்ப்பும்.

(தொடரும்)